முன்சீட்டில் இப்போது அண்ணாச்சி

என் செல்விக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் எனக்கு எதையும் தொடங்க வரும். கேட்டுவிட்டேன். நீ பதில் சொல்லாவிட்டாலும் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருப்போரூர் வரை போய் வந்தோம். நெம்மேலியில் கடற்கரைச் சாலையை விட்டு வலது பக்கம் திரும்பி, நீ போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாயே, அதே வழியில். தொடை இரண்டும் இன்னும் வலிக்கின்றன. 'யார்கூடப் போனே?' என்று நீ முதலில் கேட்பாய். உன் வீட்டுக்காரரோடுதான் போனேன், செல்வி. அண்ணாச்சிதான் முன்னால் உட்கார்ந்து ஓட்டினார்.

நம்பமாட்டாய். நானும் நம்பவில்லை.

நீ இருந்தவரை ஞாயிறு காலை எனக்கு எப்படி விடியும் என்று நினைத்துப் பார்க்கிறேன். தி. நகரிலிருந்து, இரண்டு பேர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்கும் அந்த நீளமான இரட்டைச் சைக்கிளைத் தனியாக ஓட்டிக்கொண்டு ராயப்பேட்டையில் எங்கள் சந்துக்கு வருவாய். சந்து முனையில் நிற்கும் பையன்கள், "யக்கா, பின்னாடி ஆள் வுழுந்துட்ச்சு பாரு" என்று கத்துவார்கள். வாரம் தவறாமல் அதே கேலி. வாரம் தவறாமல் நீயும் நிறுத்தித் திரும்பிப் பார்ப்பாய். அவர்கள் சிரிப்பதை வைத்துத்தான் நீ வந்துவிட்டாய் என்று நான் செருப்பை மாட்டுவேன்.

ஏழு வயதில் காய்ச்சல் வந்து கண் போனவளுக்குச் சைக்கிள் எதற்கு என்று என் அண்ணன்கூடக் கேட்டான். அவனுக்கு நான் பதில் சொன்னதில்லை. லஸ் முனையைத் தாண்டும்போது பூக்கடை வாசம், அடையாறு பாலத்தில் ஆற்று நாற்றம், திருவான்மியூர் தாண்டியதும் இடது கன்னத்தில் மட்டும் படும் காற்று. இதெல்லாம் எனக்கே தெரியும். மிச்சத்தை நீ சொல்லுவாய். பெசன்ட் நகரில் சைக்கிள் குழு நம்மைச் சேர்த்துவைத்த முதல் நாளே, "நான் வாயாடிக்கா, ஒங்களுக்குக் காது வலிக்கும்" என்று எச்சரித்துவிட்டுத்தானே சீட்டில் ஏறினாய்.

நீ அழகையெல்லாம் வர்ணிக்கிறவள் இல்லை. "ஏக்கா, ஒரு ஆளு பனியனோட மதில் மேல ஏறி நின்னு பல்லு வெளக்குதான். எதுக்கு மதில் மேல ஏறணும்?" என்பாய். "நீலம் ஞாபகம் இருக்காக்கா?" என்று ஒரு நாள் கேட்டாய். பள்ளிக்கூடப் பாவாடை நீலம் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றேன். "அந்தப் பாவாடைய ஒரு வருசம் தொவைச்சா எப்படி வெளுக்கும்? இன்னைக்குக் கடல் அப்படி இருக்கு" என்றாய். அன்று நான் கடலைப் பார்த்தேன். உன்னிடம் அதைச் சொன்னேனா என்று நினைவில்லை.

பிறகு அந்தப் புதன்கிழமை. அடுப்படியில் நின்றுகொண்டிருந்தவள் விழுந்துவிட்டாய், தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். ஞாயிறு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் கையைப் பிடித்துப் பார்க்க என்னை உள்ளே விட்டார்கள். சைக்கிள் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இடம் மட்டும் எனக்குத் தெரிந்த செல்வியாக இருந்தது.

நீ போனதோடு கடற்கரைச் சாலையும் போய்விட்டது, செல்வி. உன் வாயில்தானே அது இருந்தது. சைக்கிள் குழுவில் நல்ல பிள்ளைகள், வேறு ஆளை ஏற்பாடு செய்தார்கள். ஒரு தம்பி வந்தான். "மேடம், பயப்படாதீங்க, மேடம், நான் இருக்கேன்" என்று நீலாங்கரை வரைக்கும் அதையே சொன்னான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. திரும்பி வந்ததும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

மழை விட்டு மார்கழி பிறந்த சமயம். ஒரு சாயங்காலம் வங்கி வேலை முடிந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு செருமல். உங்கள் பாத்திரக் கடையில் கேட்ட அதே செருமல்.

"என்ன அண்ணாச்சி, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க? உள்ள வாங்க."

உட்கார்ந்தார். டம்ளரைக் கைக்குள் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. உனக்குத் தெரியாததா. காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, ஞாயித்துக்கிழம நான் முன்னால ஓட்டுதேன். நீங்க வாரியளா?"

"உங்களுக்கு அந்தச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"பழகிட்டேன். வெடியக்காலம் கடவீதியில கூட்டம் இருக்காதுல்லா. பின்சீட்டுல ரெண்டு அரிசி மூட்டையக் கட்டிக்கிட்டு ஓட்டிப் பாத்தேன். மொதல்ல வுழுந்துச்சு. இப்ப வுழ மாட்டேங்கு."

பாண்டி பஜாரில் கடைகள் திறக்குமுன், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பாத்திரக் கடைக்காரர் பின்னால் அரிசி மூட்டைகளை உட்காரவைத்துச் சைக்கிள் ஓட்டுகிறார். இதை நீ பார்க்க வேண்டாமா, செல்வி? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எப்படியோ அழுகையில் போய் நின்றது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

முதல் ஞாயிறு ஒரே சங்கடம். சந்துப் பையன்கள் அன்றைக்குச் சத்தமே போடவில்லை. "வா அண்ணாச்சி" என்று மட்டும் ஒருவன் சொன்னான். ஏறினோம். அவர் பேசவில்லை. அடையாறு வந்தது, திருவான்மியூர் வந்தது, ஒரு வார்த்தை கிடையாது. கொட்டிவாக்கத்தில் வேகத்தடை வந்ததையும் சொல்லவில்லை. தூக்கிப் போட்டதில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். "அண்ணாச்சி, அரிசி மூட்டை வாயத் தொறந்து கேக்காது. நான் கேப்பேன். பள்ளம் வந்தா சொல்லணும், மேடு வந்தா சொல்லணும். செல்வி சொல்லிக்கினே வருவா."

"அவ என்ன சொல்லுவா?"

"எல்லாமும் சொல்லுவா."

"எனக்குப் பேச வராதுக்கா" என்றார். "வீட்டுல அவ பேசுவா. நான் உம் கொட்டுவேன். இப்ப வீட்டுல சத்தமே இல்ல."

லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் தொண்டையைச் செருமினார். மறுபடி மிதித்தோம். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாக ஆரம்பித்தார்: "இடது பக்கம், மாவு மில். அடுத்தது, கடல் பார்த்த வீடு வாடகைக்கு. அடுத்தது, ஐஸ் உடைத்துத் தரப்படும்." பெயர்ப்பலகைகளை வாசிக்கிறார், செல்வி. சரக்கு இறங்கும்போது பெட்டி பெட்டியாகச் சொல்லிச் சரிபார்ப்பது போல. ஒன்றையும் விடவில்லை. "நாய்கள் ஜாக்கிரதை" என்று வாசித்துவிட்டு, "நாயக் காணும்" என்று தானாகவே சேர்த்துக்கொண்டார். பிழைத்துக்கொள்வார் என்று அப்போதுதான் தோன்றியது.

பாலவாக்கத்தில் நாம் நிற்கும் டீக்கடையில் நின்றோம். அந்தக் கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும், "இன்னாமா, எம்மா நாளாச்சு? எங்க அந்தம்மா, வர்ல?" என்றாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குமுன் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அவ தவறிட்டா."

அதை அவர் வாயால் யாரிடமும் சொன்னதில்லை என்று பிறகு சொன்னார். கடையிலும் சொந்தக்காரர்களிடமும் மற்றவர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா அடுப்பைத் தணித்த சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டாள், "நீ அவங்க வூட்டுக்காரரா நைனா?"

"ஆமா."

"அவங்க சக்கர தூக்கலா போட்டுக்குவாங்க. உனுக்கு எப்டி?"

"அப்படியே போடுங்க" என்றார் அண்ணாச்சி. அவருக்குச் சர்க்கரை வியாதி. நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் அன்றைக்கு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாய்.

அதற்கடுத்த வாரங்களில் பனையூர், பிறகு கோவளம். போன ஞாயிறு, சொன்னேனே, திருப்போரூர். நெம்மேலியில் திரும்பியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் என்றார். வாகனச் சத்தம் பின்னால் போய்விட்டது. சேற்று வாடை, பறவைகள் தண்ணீரை அடித்துக்கொண்டு எழும்பும் சத்தம். பெயர்ப்பலகையே இல்லாத சாலை. பாவம், அவருக்கு வாசிக்க ஒன்றுமில்லை. "வெள்ளையா கொக்கு நிக்குதுக்கா. ஒண்ணு எங்கிட்டயே மொறைக்கி" என்றார். நீ பேசுவது போலவே இருந்தது.

திருப்போரூர் தாண்டி வயல்களுக்குள் ஒரு மண்பாதையில் தவறித் திரும்பிவிட்டோம். அது ஏரிக்கரையில் போய் முடிந்தது. இறங்கி நின்றோம். நெல் அறுத்த வயலின் வாசம். தூரத்தில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவ இங்கதான் வரணும்னாளாக்கா?"

"இந்தப் பக்கம்னு சொன்னா. எந்த இடம்னு அவளுக்கே தெரியாது."

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கையும் பின் கைப்பிடியில் இருந்தது. அவர் அழுவது அதன் வழியாக எனக்குத் தெரிந்தது. நான் கையை எடுக்கவில்லை. வேறு என்ன செய்வது, சொல்.

திரும்பும்போது அவர் பேசவில்லை. அதனால் நான் பேசினேன். சாலை எனக்கு மனப்பாடம்தானே. முட்டுக்காடு பாலத்தில் காற்று தள்ளியபோது, "இங்கதான் செல்வி படகுல ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுக்கறதப் பாத்துட்டு, பொண்ணு துப்பட்டா பறந்து போட்டோகாரர் மூஞ்சில ஒட்டிக்கிச்சுன்னு சொன்னா" என்றேன். கானாத்தூரில் நீ கருவாட்டுக்காரியிடம் சண்டை போட்டதைச் சொன்னேன். ஒவ்வொரு இடமாக நீ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் சிரித்தேவிட்டார்.

ஈஞ்சம்பாக்கம் வந்திருக்கும். தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்னப் பத்தி எதும் சொல்லுவாளா?"

"சொல்லுவா. முக்கால்வாசி திட்டுதான்."

"மிச்சம்?"

யோசித்தேன். சொல்லலாமா என்று உன்னிடம் கேட்கவும் வழியில்லை. சொல்லிவிட்டேன். "ஞாயித்துக்கிழம அவ வீட்டுக்கு வர்ற வரைக்கும் நீங்க சாப்பிட மாட்டீங்களாம். பசிக்கலன்னு பொய் சொல்லுவீங்களாம். அதுக்குத்தான் திரும்பி வர்றப்ப அவ்ளோ வேகமா மிதிப்பா. எங்க வீட்டு ஆளு பட்டினி கெடக்கும்க்கான்னு என் உயிர வாங்குவா."

பெடல் நின்றது. முன்னால் நின்றால் பின்னால் என் காலும் நின்றுவிடும். சைக்கிள் கொஞ்ச தூரம் தானாக ஓடியது.

"அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி."

சாலை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினார். காலை ஊன்றிக்கொண்டு நின்றோம். "நான் சொன்னதே இல்லக்கா" என்றார். "ஒரு நாளும் சொன்னதில்ல." அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். அழுகையா சந்தோஷமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிறகு மிதித்தார். அத்தனை வேகத்தை நான் உன்னிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

நான் சொன்னது சரிதானா, செல்வி? அது நம் இரண்டு பேருக்குள் இருந்திருக்க வேண்டியதா? நீ கோபப்பட்டால் படு. எனக்கு என்னவோ, அதை நீ என்னிடம் கொடுத்துவைத்திருந்தாய், சேர வேண்டிய ஆளிடம் கொடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

இனி சொல்லப் போவதற்கு நான் பொறுப்பு. நீ அவரைப் பற்றிச் சொன்ன நல்லதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிடுவேன். திட்டியதில் பாதியைக் குறைத்துக்கொள்வேன். அன்றைக்கு அவரை அப்படியே தி. நகருக்குப் போகவிடவில்லை. எங்கள் வீட்டில் இட்லி ஊற்றிப் போட்டேன். கேட்காமலேயே மறுபடி தட்டை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுக்காரர் ஒரு நாளும் தனியாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் உனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்
உன் அக்கா,
விஜயா