வழியில் போன நாற்பது வோல்ட்

ஜூன் 2, திங்கள். ராஜபாளையம்

இன்றும் கிரைண்டர் திணறியது. உளுந்தைப் போட்டதும் கல் முனகிக்கொண்டு அரை மனதாகச் சுற்றுகிறது. மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு. விஜயபாண்டி வந்து பார்த்தான். என் கொழுந்தனார் மகன். இந்தத் தெருவில் வயரிங் வேலை எல்லாம் அவன்தான். குனிந்து மோந்து பார்த்துவிட்டு, மோட்டாருக்குள் இருக்கிற செம்புக் கம்பிக் காயில் போய்விட்டது என்றான். மதுரைக்கு அனுப்பிக் காயில் கட்டி வரப் பத்து நாளாவது ஆகுமாம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கபாய் மெஸ்ஸுக்குக் கல்யாணப் பந்திக்கான இட்லி மாவு கொடுத்தாக வேண்டும். ஒரு தடவை தவறினால் அவள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் செய்வேன்.

யோகேஸ்வரி ஒரு தடவை பார்க்கட்டுமே என்றேன். என் பேத்தி, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் இரண்டாம் வருசம். அவன் சிரித்தான். "அது பல்பு மாட்டப் படிக்குது பெரியம்மா. இது மோட்டாரு."

இவனா பேசுகிறான்? என் மகன் கல்யாணத்துக்கு மைக் செட், லைட் எல்லாம் இவன் போட்டதுதான். தாலி கட்டுகிற நேரத்தில் அம்புட்டும் அணைந்தது. இ.பி.க்காரன் மேல் பழியைப் போட்டான். பக்கத்து வீட்டில் ஃபேன் ஓடியதை நான் பார்த்தேன். இருபத்திரண்டு வருசமாகிறது. மறப்பேனா?

ஜூன் 3

யோகேஸ்வரி ஐ.டி.ஐ. சாரிடம் கேட்டு ஒரு மீட்டர் வாங்கி வந்தாள். பின்கட்டில் கிரைண்டர் பிளக்கில் வைத்துப் பார்த்தாள். 230. வர வேண்டியது சரியாகத்தான் வருகிறது என்றாள். அப்படியானால் மோட்டார்தான் கெட்டது, விஜயபாண்டிச் சித்தப்பா சொன்னதே சரி என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சொன்னது சரியாகிவிடுமா? மோட்டார் போனதை விட அதுதான் எரிகிறது.

ஜூன் 4

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பத்தா, நேத்து நான் பார்த்தது தப்பு. கிரைண்டரை நிறுத்தி வச்சுல்ல பார்த்தேன். வயருல கரண்டு ஓடுனாத்தான வழியில வோல்டேஜு குறையும்."

கிரைண்டரில் உளுந்தைப் போட்டு ஓட விட்டாள். வாசல் பக்கம் மெயின் போர்டில் 230. பின்கட்டில் போய்ப் பார்த்தால் 190. பிறகு சாரிடம் வாங்கி வந்த இன்னொரு மீட்டரை, வயரைக் கவ்விப் பிடிக்கிறதை, போட்டாள். ஓடுகிற கரண்டு 8 ஆம்பியர்.

நாற்பது வோல்ட் எங்கேட்டி போச்சு என்றேன். வயர் தின்றுவிட்டது என்றாள். வழியில் போன வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வயர் எவ்வளவு மறிக்கிறது என்று தெரியுமாம். அதற்குப் பெயர் ஓம். பெருக்கினால் எவ்வளவு வாட் வீணாகச் சூடாகிறது என்று தெரியுமாம். போனில் கணக்குப் போடப் போனாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன் - வகுத்தால் ஐந்து, பெருக்கினால் முந்நூற்று இருபது. அஞ்சாம் வகுப்போடு நின்றேன், வாய்ப்பாடு நிற்கவில்லை.

"நாலு ஃபேன் ஓடுற கரண்டு அப்பத்தா. வயரைச் சுட வைக்கவே போகுது. அரைகுறை வோல்டேஜுல இழுக்க முடியாமத்தான் மோட்டாரு கொதிக்குது."

வயர் போகிற வழியே போய்ப் பார்த்தோம். மொட்டை மாடி மேலே போய், வேப்ப மரத்தைச் சுற்றி, பின்கட்டுக்கு இறங்குகிறது. அட, அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குச் சீரியல் லைட்டுக்கு இழுத்த வயர்! அம்மனுக்குக் கட்டியதை அடுத்த பொங்கல் வரை அவிழ்க்கக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். சும்மாதானே தொங்குகிறது என்று அதிலேயே கிரைண்டருக்கு இணைப்புக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் விஜயபாண்டி. நூல் மாதிரி வயர். மரத்தடியில் இரண்டு வயரை ஒட்டிய ஒரு முடிச்சு, டேப் உருகிக் கருகி இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால்? பக்கத்திலேயே ஓலைக் கொட்டகை.

ஜூன் 5

காலையில் விஜயபாண்டி மோட்டாரைக் கழற்ற ஆட்டோவோடு வந்தான். யோகேஸ்வரி குரலை உயர்த்தவே இல்லை. கிரைண்டரைச் செத்த நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினாள். மெயினையும் அணைத்தாள். "சித்தப்பா, அந்த முடிச்சைத் தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டான். கையை வெடுக்கென்று எடுத்துவிட்டான். வயரு சும்மா கிடந்துச்சேன்னு குடுத்தேன் என்று முனகினான். ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன்.

அம்மன் வயரை அவிழ்க்கவில்லை. கருகிய முடிச்சைப் புதிதாகக் கட்டி டேப் சுற்றிவிட்டு, கிரைண்டரை மட்டும் அதிலிருந்து பிரித்துவிட்டாள். அது விளக்குக்குக் கட்டியது, விளக்குக்கே இருக்கட்டும். தடிமனான வயர் வாங்கி வந்து போர்டிலிருந்து நேராகப் பின்கட்டுக்கு இழுத்தாள். அவள் சார் சாயங்காலம் வந்து சரிபார்த்துத் தலையசைத்த பிறகுதான் மெயினைப் போட்டாள்.

பிறகு ஆளுக்கொரு மீட்டரோடு அவள் பின்கட்டில், நான் வாசல் பக்கம். போர்டில் எண்ணை வாசித்தது நான்தான். எனக்கு 230. அவளுக்கு 228. கல் சுற்றுகிற சத்தமே மாறிவிட்டது. மோட்டாரில் ஒரு பழுதும் இல்லை.

ஜூன் 7

நாள் முழுக்க அரைத்தோம். எழுத நேரமில்லை.

ஜூன் 8, ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூர்

மாவு பொங்கி மூடியைத் தூக்கியிருந்தது. தங்கபாய் ஒரு விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆவணி முகூர்த்தத்துக்கும் நீங்களே தந்துருங்க ஆச்சி என்றாள். கிரைண்டர் ரிப்பேர் என்று கேள்விப்பட்டேனே என்றாள். ரிப்பேர் கிரைண்டரில் இல்லை, என் பேத்தி கண்டுபிடித்தாள் என்று ஆரம்பித்து நாற்பது வோல்ட் கதையை முழுக்கச் சொன்னேன். பந்தி பரிமாற ஆள் கூப்பிட்டும் அவளை விடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு. ராஜபாளையம்

விஜயபாண்டி வாசலில் வந்து நின்றான். ஒரு தறிக் கூடத்தில் மோட்டார் கொதிக்கிறதாம், மோட்டாரை இரண்டு தடவை மாற்றியும் சூடு நிற்கவில்லையாம்.

"பெரியம்மா, பிள்ளையைக் கொஞ்சம் அனுப்புங்க."

"எந்தப் பிள்ளை? பேரைச் சொல்லு."

தரையைப் பார்த்தான். "யோகேஸ்வரிய."

கல்யாண வீட்டு இருட்டை நான் இன்னும் மறக்கவில்லை, அது வேறு கணக்கு. அனுப்பி வைத்தேன். அவள் மீட்டரோடு முன்னால் போனாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனான். தெரு முக்கு திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தேன்.