ஆஸ்பத்திரியை யார் தேர்ந்தெடுத்தது

ஜூலை 8, திங்கள்

சர்வே எடுக்க ஒரு பெண் வந்தாள். பெயர் சம்ரீன். "டாக்டரு, ஆஸ்பத்திரி எல்லாம் உங்களுக்குத் திருப்தியா இருக்கான்னு கேட்டு எழுதுறோம்மா." போனைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். வழக்கமாக யாரிடம் காட்டுவீர்கள்? திருவானைக்காவல் மாதவன் டாக்டர். போனவுடன் பார்க்க முடிகிறதா? முடியும். வீட்டில் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தது யாரை? என் வீட்டுக்காரரை, யமுனா அப்பாவை. பங்குனியில். அங்கேயே உயிர் போய்விட்டது.

கொஞ்சம் தயங்கி, "அந்த ஆஸ்பத்திரிய யாரும்மா தேர்ந்தெடுத்தது?" என்றாள்.

"அவருதான்" என்றேன்.

வாய் கூசாமல் வந்துவிட்டது.

ஜூலை 9

செத்தவர் வந்து இல்லை என்று சொல்லவா போகிறார்? அந்தத் தைரியம்தானே எனக்கு.

ஜூலை 11, வியாழன்

எழுதிவிடுகிறேன். மாதவன் டாக்டர், "நெஞ்சு வலிக்கு ஜி.எச்.லயே நல்லா பாப்பாங்க, சீட்டு எழுதித் தரேன்" என்றார். இவருக்கும் சம்மதம். நான்தான் குதித்தேன். "யமுனா மாமியார் கேட்டா ஜி.எச்.னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?" டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். சம்பந்தியம்மா பார்க்க வந்தபோது, ஏசி ரூம், ஏசி ரூம் என்று நானே சொல்லிக் காட்டினேன். பக்கத்தில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். சீ.

ஜூலை 13

பிரஷர் மாத்திரை தீர்ந்து ஒரு மாசத்துக்கு மேலாகிறது. மாதவன் டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பது?

ஜூலை 16, செவ்வாய்

குழாயடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ரோசம்மாள் விடவில்லை. "ஏன்டி, புருஷன் பின்னாலயே போலாம்னு இருக்கியா?" என்று திட்டி ஆட்டோவில் ஏற்றினாள்.

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றினார். "ஏம்மா இவ்ளோ நாளா வரல?"

அழுகை வந்துவிட்டது. "நான்தான் சார் ஜி.எச். வேணாம்னு—"

"தெரியும்மா. சேர்றதுக்கு முன்னாடி நாள் வந்து சொல்லிட்டுத்தான் போனாரு." பிரஷர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "'கோவிச்சுக்காதீங்க சார், அவளுக்கு அங்க போனாத்தான் திருப்தி'ன்னாரு."

ஜூலை 17

ஒரு வார்த்தை என்னிடம் சொன்னாரா, பாவி மனுஷன்.

ஜூலை 22, திங்கள்

சம்ரீன் எதிர்வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கூப்பிட்டேன். "அன்னைக்கு சொன்னது பொய்யிம்மா. அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நான். மாத்தி எழுதிக்க."

"அனுப்பியாச்சேம்மா. இனிமே மாத்த முடியாது."

"சரி. நீயாவது தெரிஞ்சு வச்சுக்க" என்றேன்.