பயத்துக்கு அனுமதி இல்லை

நேற்றுப் பின்னேரம் காரின் பின்கதவைத் திறந்தேன். துவக்கு எண்ணெய் மணமும் கறிவேப்பிலை மணமும் ஒன்றாக முகத்தில் அடித்தன. எண்ணெய் மணம், துவக்கைத் துடைத்துவிட்டு நான் அங்கேயே போட்டு மறந்த பழந்துணியிலிருந்து. கறிவேப்பிலை, பீலெஃபெல்ட் நகரத் தமிழ்க் கடைப் பையிலிருந்து. இந்த இரண்டையும் ஒன்றாக வைக்காதே என்று நீ எத்தனை தரம் என்னோடு சண்டை பிடித்திருப்பாய். நீ செத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. சண்டை முடியவில்லை. இன்றைக்கு அதைப் பிடித்தே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காரணம் இருக்கிறது. என்னைக் காட்டு வேலையிலிருந்து எடுத்து அலுவலக மேசையில் இருத்தப் பார்க்கிறார்கள். என் பாதுகாப்புக்காகவாம். வீட்டில் என் மனுசனுக்கும் அதுதான் விருப்பம். வாய்விட்டுச் சொல்லாமல், கேட்காமலே தேநீர் போட்டுத் தந்துகொண்டு திரிகிறார். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். மேசையும் வேண்டாம், துவக்கும் வேண்டாம் என்றிருப்பாய். அதில் பாதியைத்தான் கேட்பேன்.

உன்னை முதன்முதல் கண்ட இடத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வண்டு தின்று முடித்த ஊசியிலை மரங்களை வெட்டியெடுத்த பிறகு மொட்டையாகக் கிடந்த சரிவு அது. கன்று நட வந்திருந்த கூலிக் குழுவில் எல்லோரும் ஏதேதோ பாஷை பேசிக்கொண்டிருக்க, கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து ஒரு குரல், "சனியன் பிடிச்ச கல்லு" என்றது. சாவர்லாண்ட் மலைக்குள் தமிழில் திட்டு வாங்கிய முதல் கல் அதுவாகத்தான் இருக்கும். நடவை மேற்பார்க்க நின்ற நான் ஓடிவந்து, "அக்கா, தமிழோ?" என்றேன். நீ மண்வெட்டியை நிறுத்தாமல், "தமிழ்தான். ஆனா அக்கா இல்லை, உன்ர வயசுதான்" என்றாய்.

வயது ஒன்று, மற்றதெல்லாம் வேறு. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஜெர்மனிக்கு வந்தவள். இங்கேயே பள்ளிக்கூடம், இங்கேயே காட்டு வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி. நீ ஊரில் சண்டை முடிந்த பிறகு வந்தாய். பள்ளிச் சீருடை போட வேண்டிய வயதில் வன்னிக் காட்டுக்குள் துவக்கோடு நடந்தவள் நீ. விரும்பிப் போனாயா, பிடித்துக்கொண்டு போனார்களா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மரங்களுக்குள் நடக்கும்போது நீ ஒரு காய்ந்த குச்சியைக்கூட மிதித்ததில்லை. அதைப் பார்த்துத்தான் நீ துவக்கோடு நடந்தவள் என்று எனக்கு விளங்கியது.

பிறகு அந்த மரக்கள்ளர்கள் வந்த நாள். விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த மரங்களை இரண்டு பேர் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டேன். இளையவன் என் நிறத்தைப் பற்றி ஏதோ சொன்னான். அது பழகிப்போனது. மூத்தவன் கைபேசியை எடுத்து என் கார் இலக்கத்தைப் படம் பிடித்தான். பிறகு என் முகத்தை. இந்தப் பக்கம் நான் தனியாகத்தான் வருகிறேன் என்று தனக்குத் தெரியும் என்றான். அங்கே கைபேசிக்குத் தொடர்பும் கிடையாது. 

மேலே கன்று நட்டுக்கொண்டிருந்த நீ இறங்கிவந்து அவனுக்குக் கிட்டப் போனாய். உன் உடைந்த ஜெர்மனில், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாய்.

அவன் திகைத்துப்போனான். வீட்டுக்கு வந்தவரைக் கேட்பதுபோல மரக்கள்ளனைக் கேட்டால் அவன் என்னதான் செய்வான்? பிறகு அவனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, முதுகு வலிக்காமல் எப்படி இவ்வளவு மரம் தூக்குகிறான் என்றெல்லாம் கேட்டாய். அவன் உன்னைப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தான். நான் உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ சொன்னாய்: "அவன் கதைச்சுக்கொண்டு நிண்டால் அவன்ர கை சும்மா இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

பொலிசுக்குச் சொன்னோம். எழுதி வைத்துக்கொண்டார்கள். அதோடு சரி.

நான் துவக்கு வாங்குவதென்று முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான். ஆயுத அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: தனியாக வேலை செய்கிறேன், பயமாக இருக்கிறது. அந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். ஆயுதம் வேண்டுமென்றால் தேவையை நிரூபிக்க வேண்டும், மற்ற எல்லோரையும்விட எனக்குப் பெரிய ஆபத்து இருக்கிறதென்று காட்ட வேண்டும், ஒருவன் படம் பிடித்தது அதற்குக் காணாது என்றார். வேட்டைக்கென்றால் வேறு கதை. பரீட்சை எழுதி, மான் சுடும் பொறுப்பும் இருந்தால் துவக்கு வைத்திருக்கலாம். இந்த நாட்டில் துவக்கு வாங்கப் பயத்துக்கு அனுமதி இல்லை, மானுக்கு உண்டு.

சரி, மான் என்றால் மான். பரீட்சைக்கென்று வாத்துகளின் பெயர்களைப் பாடமாக்கினேன். செத்த மானின் பல்லைப் பார்த்து வயது சொல்லப் பழகினேன். புதுக் கன்றுகளின் குருத்தையெல்லாம் மான் கடித்துத் தள்ளுவதால் மேலதிகாரியும் சந்தோசமாகச் சுடும் பொறுப்பைத் தந்தார். மான் சுடப் போகிற நாளில் துவக்கோடு போகலாம். அப்படிப் போகிற நாட்களை எவ்வளவு கூட்டலாமோ அவ்வளவு கூட்டினேன். இதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

துவக்கு வீட்டுக்கு வந்த அன்று உனக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "சாமான் வந்திட்டுது. வீட்டை வா." சின்ன வயதில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி ஆயுதத்தைச் சாமான் என்றுதான் சொல்வார்கள். துவக்கோடு திரிந்த உனக்கா அந்தச் சொல் விளங்காது என்று நினைத்தேன். நீ இரண்டு பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்றே "முருங்கைக்காயும் வந்ததோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தாய். தமிழ்க் கடைக்குப் புதுச் சாமான் வந்து, உனக்கும் வாங்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாய்.

மேசையில் துவக்குப் பெட்டி திறந்து கிடந்தது. நீ பைகளை மடித்தாய். ஆறுதலாக, மூலைக்கு மூலை வைத்து மடித்தாய்.

"எனக்குச் சாமான் எண்டால் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள். கன காலம் எடுத்தது அந்தச் சொல்லைத் திரும்ப வீட்டுக்குள்ள கொண்டுவர. இதுக்கு அந்தப் பேரை வைக்காதை. துவக்கெண்டு சொல்லு. வாய் கூசினால் கூசட்டும்."

அன்றிலிருந்து நான் துவக்கு என்றுதான் சொல்கிறேன். கோயில் திருவிழாவில் சனங்கள் கேட்டாலும் உரத்துத்தான் சொல்கிறேன். அதில் நீ வென்றாய். ஆனால் அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

"இது உன்னைக் காப்பாத்தாது. நீதான் இதைக் காப்பாத்திக்கொண்டு திரிவாய்."

நான் கத்தினேன். உனக்கு அங்கே பக்கத்தில் எத்தனையோ பேர் நின்றார்கள், எனக்கு இந்தக் காட்டில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டேன். நீ கதவடியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "நானிருக்கிறன்" என்றாய்.

எங்கே இருக்கிறாய்? அடுத்த நடவுக்கு முன்னமே ஈரலில் கட்டி என்றார்கள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில்கூட என் காற்சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து, குண்டு ஏதும் கிடக்கிறதோ என்று பகிடி விட்டாய். நான் சிரித்தேன். வெளியே வந்து கார் தரிப்பிடத்தில் நின்று உன்னைத் திட்டினேன். இருக்கிறன் என்று சொல்லிவிட்டுப் போனவள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், கேள். போன கிழமை, பட்டப்பகல். நான் மலையிலிருந்து இறங்கி வருகிறேன், தோளில் துவக்கு. என் கார்க் கதவில் சாய்ந்துகொண்டு அந்த மூத்தவன் நிற்கிறான். படம் பிடித்தவன். வண்டி இல்லை, மரம் இல்லை. என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான். முகம் முழுக்கச் சிரிப்பு.

துவக்கைப் பார்த்துவிட்டு, புதிதா என்று கேட்டான். பிறகு சட்டம் சொல்லித் தந்தான். இதை நான் அவன் பக்கம் நீட்டினால் அனுமதியும் போய்விடும், வேலையும் போய்விடும். காரில் ஏறுவதற்கு முன் குண்டுகளைக் கழற்ற வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. "கழற்று, பார்த்துக்கொண்டு நிற்கிறேன்" என்றான். அவன் சொன்னது அத்தனையும் சரி. எனக்கு அந்த நிமிடத்தில் அவனைவிடத் துவக்கைப் பற்றித்தான் பயம் வந்தது. பறித்துவிடுவானோ, என் கை தானாக அதைத் தொட்டுவிடுமோ, கீழே விழுந்துவிடுமோ என்று. பாவி, நீ சொன்னதுபோலவே அதைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன்.

அவனுக்குச் சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு வரவில்லை. அது உன் குணம், எனக்கு அந்த நல்ல குணம் இல்லை. துவக்கின் வாயைத் தரையின் பக்கம் திருப்பி, அவன் முன்னாலேயே குண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பையில் போட்டேன். வெறும் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே சொன்னேன்: "நாளைக்கும் வருவேன். நாளை மறுநாளும் வருவேன். இது என் காடு. கதவை விடு."

கொஞ்ச நேரம் நின்றான். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. பிறகு துப்பிவிட்டு, கதவை விட்டு விலகி நடந்தான். வெறும் துவக்கைக் கண்டு பயந்திருக்க மாட்டான். என்னைக் கண்டு பயந்தான் என்றும் நான் சொல்ல வரவில்லை. போனான், அவ்வளவுதான். காரில் ஏறிக் கதவைப் பூட்டினேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனுசன்தான். முறைப்பாடு எழுத உதவினார், தன் கையால் கோப்பி ஊற்றித் தந்தார், பிறகு மெதுவாக மேசைக் கதையை எடுத்தார். வரைபடம் கீறும் வேலை இருக்கிறதாம். நான் நடக்கிற பகுதியை ஓர் ஆண் பிள்ளையிடம் கொடுக்கலாமாம். யோசித்துச் சொல் என்றார். எவனோ என் கார்க் கதவில் சாய்ந்து நின்றதற்கு நான் ஏன் மேசைக்குப் போக வேண்டும்? குற்றம் செய்தவன் காட்டுக்குள் திரிய, நான் நான்கு சுவருக்குள் இருக்க வேண்டுமாம்.

நீ சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். துவக்கு என்னைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் கொண்டுபோவேன். மான் கன்றைத் தின்னும்வரை அதற்கு வேலை உண்டு. எனக்குப் பயம் இருக்கும்வரை தோளில் அந்தக் கனம் இருக்கட்டும். நீ கோபித்துக்கொள். என்னோடு கோபிக்க உன்னைவிட்டால் வேறு யார்?

இன்று காலை போய்ப் பதில் சொன்னேன். மேசை வேண்டாம், என் பகுதியிலேயே நிற்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஸிஹரா இருக்கிறாயா?" என்று கேட்டார். உனக்கு இந்தப் பாஷை கடைசிவரை ஒழுங்காக வரவில்லை, அதனால் சொல்கிறேன். நிச்சயமா என்று கேட்பதற்கும், பாதுகாப்பாக இருக்கிறாயா என்று கேட்பதற்கும் இவர்களிடம் ஒரே சொல்தான்.

"ஸிஹர்" என்றேன்.

இரண்டில் எதற்குச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. உனக்குச் சொல்கிறேன். பாதுகாப்பு இல்லையடி. நாளைக்கு விடிந்ததும் போறன்.