சொன்ன ஆள் இல்லாத சொல்

அன்பு மகளே,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, பயப்படும்படியும் ஒன்றுமில்லை, களைப்புதான். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே கேட்பாய், நானும் பாதியில் அழுது வைப்பேன், அதனால்தான் கடிதம்.

அப்பாவிடமிருந்து பள்ளி பஸ்ஸின் சாவியை வாங்கி வைத்துவிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார். அதைச் சட்டைப்பையில் மடித்துக் கொண்டுவந்து, படிச்சு சொல்லு என்று என்னிடம் நீட்டினார். டிரைவருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது, மருத்துவச் சான்று வரும்வரை வண்டி எடுக்கக் கூடாது, இவ்வளவுதான் அதில். யாரு சொல்றா என்றார். அது போடலை என்றேன். நல்லாப் பாரு, அடியில இருக்கும் என்றார். அடியில் மேனேஜரின் கையெழுத்துதான் இருந்தது. ஆங்கிலத்தில் 'ஈஸ் செட் டு', அதாவது சொல்லப்படுகிறது, என்று போட்டால் அப்படித்தான், கேள்விப்பட்டதை முன்னால் வைத்துவிட்டு அதைச் சொன்ன வாயை மறைத்துவிடலாம், எழுதியவரும் நான் சொல்லவில்லை என்று ஒதுங்கிக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். அதற்கு உன் அப்பா, நாமளுந்தான் வந்தானாம் போனானாம்னு பேசுறோம், ஆனா யாருடா சொன்னதுன்னு சட்டையைப் பிடிக்க எதிர்ல ஒருத்தன் நிப்பானே, இதுல யார் சட்டையைப் பிடிக்கிறது, காகிதத்தையா என்றார். சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை.

அப்புறம் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார். பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாராம். இன்னொரு டிரைவர், உங்க ரூட்டு எனக்கெதுக்கு அண்ணே, அந்தக் குண்டு குழியில உங்க இடுப்புதான் தாங்கும் என்றாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் பஸ் ஷெட் மெக்கானிக் தானாகவே வந்து வாசலில் நின்றான். உன்னோடு படித்தாளே, ஒல்லியாக இருக்கிறாள் என்று ஒட்டடைக்கம்பு என்பீர்களே, அவளுடைய அண்ணன்தான். மேனேஜர்கிட்ட நான்தான் சொன்னேன் ஆன்ட்டி, சின்னப் பிள்ளைங்க போற வண்டி, மனசு கேக்கலை, என் தங்கச்சிதான் சொன்னா, அவளுக்கு வந்து என்று இழுத்து என் முகத்தைப் பார்த்தான்.

நீதான் அவளிடம் சொன்னாயாம். போன தடவை வந்தபோது ஸ்கூட்டர் ஓட்டிய அப்பா எதிரில் வந்த சைக்கிளைக் கடைசி நிமிஷத்தில்தான் பார்த்தார், இடது கண் சரியில்லை போலிருக்கிறது, பயமாக இருக்கிறது என்று. என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் கவலைப்படுவேன் என்று விட்டிருப்பாய். நீ அவளிடம் கவலைப்பட்டாய், அவள் அண்ணனிடம் கவலைப்பட்டாள், அவன் மேனேஜரிடம். யாரும் கெட்டது நினைக்கவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, வேறு யார் வாயிலாவது நீ கேள்விப்படக் கூடாது என்றுதான்.

அப்பா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குத் தானாகவே கிளம்பினார். இடது கண்ணில் புரை. டாக்டர் என் எதிரிலேயே சொன்னார், இதற்காவது சொன்ன ஆள் உண்டு. சின்ன ஆபரேஷன்தான், ஆறிய பிறகு சோதித்துப் பார்த்துச் சான்று தருகிறேன் என்றார். அதைத் தெரிவிக்க மேனேஜரிடம் போனோம். அவருக்கும் சங்கடம். யார் சொன்னதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, மெக்கானிக்கிட்ட முழுசா விசாரிச்சுட்டேன், வேணும்னா பேரோட எழுதித் தர்றேன் என்றார். அப்பா சட்டென்று, வேணாம் சார், அதுல இருக்கிறபடியே இருக்கட்டும், சொல்லப்படுது, அவ்வளவுதான் என்றார். வெளியே படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். இதுவரை அப்படிப் பிடித்ததில்லை.

இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்யாதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஆபரேஷனுக்கு முன்னால் ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, கண் எப்படிப்பா இருக்கு என்று நேராகக் கேள். இனிமேல் என்னிடம் சொல்ல வேண்டியதை என்னிடமே சொல், மறக்காதே. நீ குறையில்லாமல் இருக்க என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அப்பாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார். அவர் வாயால் சொன்னதுதான், பக்கத்தில் இருந்து கேட்டேன்.

உன் அம்மா