பந்தலுக்கு வெளியே மீன் கூடை

1972 ஜூலை, செவ்வாய் இரவு.

அதிகாலை ரயிலை ரத்து செய்யக் கூடாதென்று, அதில் வேலைக்குப் போகும் அப்பாவும் ஆபீஸ்காரர்களும் ஸ்டேஷன் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்து போராடுகிறார்கள். அதே ரயிலில் மீன் கொண்டுவரும் பெண்களும் இன்று சேர்ந்துகொள்ள வந்தார்கள். தலைக்கூடையை இறக்க யாரும் கை கொடுக்கவில்லை.

"கூடையை வெளியே வைங்கம்மா, நாத்தம் தாங்கல," என்றார் அப்பா.

அவர்களில் ஒருவரான கன்னியம்மாக்கா சிரித்தார். "கூடை வெளியே, நான் உள்ளேயா? போலீஸ் வந்தா மட்டும் முன்னாடி குந்தணுமா, சாரு?"

மீன்காரப் பெண்கள் எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாளை பந்தலைப் பிரிக்கப் போலீஸ் வருகிறது. இருப்பவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "அவங்க திரும்ப வருவாங்களா?"

"கூடையோட கூப்பிட்டா வருவாங்கப்பா."

இப்போது அப்பா அலாரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார். அதிகாலை ரயில் வரும் நேரத்துக்குத்தான் ஸ்டேஷனுக்குப் போகிறார். கன்னியம்மாக்கா இறங்கும்போது கூடையை ஒரு கை பிடிப்பாரா?