நீ போட்டுக்கொள்ளாத கவுன்

குட்டி,

நேற்று சாயங்காலம் ஜவுளிக்கடை வேலை முடிந்து தஞ்சாவூரிலிருந்து பாசஞ்சரில் வந்து பூதலூரில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் ஒரு பெண் கருப்புக் கவுனோடு நின்றுகொண்டிருந்தாள். பட்டமளிப்பு விழா முடிந்து அப்படியே ரயில் ஏறிவிட்டாளாம். கழற்ற மனசு வரவில்லையாம், நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ளலாமாம். "அக்கா, எங்கம்மாவையும் என்னையும் ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று போனை நீட்டினாள். கிட்டே போனதும் அந்த வாசனை வந்தது. அந்துருண்டை, இஸ்திரிச் சூடு, யார் யாரோ போட்டுக் கழற்றிய வேர்வை. போனை வாங்காமல் ஓரடி பின்னால் போனேன்.

இருந்தாலும் எடுத்தேன். சூரியன் அவர்கள் முதுகுப் பக்கம் இருந்தது, இடம் மாறி நிற்கச் சொன்னேன். நெற்றியில் நிழல் விழாமல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னேன். அந்தம்மா கண்ணை மூடியிருப்பாரோ என்று மூன்று தடவை எடுத்தேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "சூப்பரா எடுக்குறீங்கக்கா, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாள். என்ன சொல்வேன்? செத்துப்போன தங்கச்சியிடம் என்றா? சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, கடைசிப் பரீட்சை முடிந்த ஆடி மாதம்? பட்டமளிப்பு எப்போது என்றே காலேஜில் சொல்லவில்லை. அதற்குள் நீ ஒத்திகை ஆரம்பித்துவிட்டாய். புது ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. என் கருப்புத் துப்பட்டாவைத் தோளில் போர்த்திக்கொண்டு, அட்டைப்பெட்டி மூடியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாய். குளிக்க வந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். உனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

"கரண்டி புடிக்கிற மாதிரி போனைப் புடிக்காதக்கா. வெளிச்சம் மொகத்துல விழணும், முதுகுல இல்ல."

"போதும்டி, மகாராணி. கை வலிக்குது."

"அன்னைக்கு நீ சொதப்பினா அவ்வளவுதான். இந்த ஒரு போட்டோதான் நம்ம வீட்டுச் சுவத்துல மாட்டப்போறோம். அம்மா கண்ண மூடிருவா, மூணு தடவ எடு."

அன்று நான் எடுத்ததில் ஒன்றுகூட உனக்குப் பிடிக்கவில்லை. கருப்பாக இருக்கிறேன், மூக்கு பெரிதாகத் தெரிகிறது, எல்லாவற்றையும் அழித்துவிடு என்றாய். எனக்குச் சோம்பல். ஒன்று என் போனிலேயே கிடந்தது.

ஐப்பசி அடைமழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டால் சரியாகிவிடும் என்று நீயும் சொன்னாய், நாங்களும் நம்பினோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இதற்குமேல் அதை எழுத என்னால் முடியாது. உன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன். இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணிவிட்டு இப்படியா போவாய்?

அம்மா அதற்குப் பிறகு ஒரு பருக்கைக்கும் கெஞ்ச வைத்தாள். கூலிக்கு ஆள் வைத்து நட்ட சம்பா அறுப்புக்கு நின்றது. அதைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அப்பா போனபோது நம் இரண்டு பேருக்காக எழுந்து நடமாடியவள், இப்போது ஒருத்திக்காக எழவில்லை. நானும் அவள் பெற்ற பிள்ளைதானே?

மாசியில் உன் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது, பட்டமளிப்பு விழா என்று. அந்த போனுக்கு அம்மா தினமும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். நான் படித்துச் சொன்னதும் மாதக்கணக்கில் பேசாதவள் பேசினாள்.

"போட்டோ எடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாளே. எடுத்துருவோம்."

"யாரம்மா எடுக்கிறது? யாரையம்மா எடுக்கிறது?"

"நீ கவுனைப் போட்டுக்க. மொகத்த மட்டும் மாத்திக்கலாம். ஸ்டூடியோவுல எல்லாம் செய்றாங்க."

பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணப் படத்தில், செத்துப்போன அப்பாவை மணப்பெண் பக்கத்தில் சேர்த்துப் போட்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் தானாகவே சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

உன் சான்றிதழை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, காலேஜ் வாசலில் படம் எடுக்கும் இடத்துக்குப் போனோம். மதிலோரம் வெயிலில் புத்தக அலமாரி அச்சடித்த திரை, ஆணியில் வரிசையாகக் கவுன்கள். ஸ்டூடியோக்காரர் உன் முகம் நேராக இருக்கும் படமாக ஒன்று கேட்டார். அங்கேயே தரையில் உட்கார்ந்து உன் போனில் படங்களைத் தள்ளத் தொடங்கினேன். ஆயிரக்கணக்கில் படம் வைத்திருக்கிறாயே, பாவி, ஒன்றிலாவது நீ இருக்கிறாயா? ஒன்றில் பூனைக் காது. ஒன்றில் மூக்கில் நட்சத்திரம். மற்றதில் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. தாடை மச்சத்தைக்கூட அந்த ஃபில்டர் துடைத்துவிட்டிருந்தது. தள்ளத் தள்ள எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உன் முகம் எனக்கே மறந்துபோய்விடும் போலிருந்தது. "இவ இல்ல. இதுவும் இவ இல்ல" என்று அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் என் போனில் கிடந்த அந்தப் புது ஆற்றங்கரைப் படம்தான் கை கொடுத்தது. கருப்பாக, மூக்கு பெரிதாக, மச்சத்தோடு நீ. அம்மா அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தப் படத்தில் வெளிச்சம் இடது பக்கம் இருந்தது. அதே மாதிரி ஸ்டூடியோக்காரர் என்னைத் திருப்பி நிறுத்தினார். உன் அளவுக்கு அம்மா ஆணியிலிருந்து எடுத்த கவுன் எனக்குத் தோளில் பிடித்தது. சான்றிதழை நெஞ்சோடு பிடிக்கச் சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து கவுனின் சுருக்கத்தை இழுத்து இழுத்து விட்டாள். எனக்குத் தாங்கவில்லை, தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டேன். கண்ணைத் துடைக்கப் போனேன்.

"பரவால்லம்மா, மொகம் எப்படி இருந்தாலும் ஒண்ணும் இல்ல. அத எடுத்துருவோம். தோள மட்டும் நிமித்துங்க" என்றார் அவர். நல்ல மனிதர்தான், தொழில் பேச்சு பேசினார். நான் நிமிர்ந்தேன். அழுத முகத்தை எடுத்துப் போட்டுவிட்டு, சிரிக்கிற உன் முகத்தை வைத்தார்.

படம் அசத்தலாக வந்தது, குட்டி. நீயே குறை சொல்ல முடியாது. ஒட்டு எங்கே என்று தேடினாலும் தெரியாது.

அம்மா அதைக் கூடத்தில் மாட்டினாள். அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள், அதோடுதான் பேசுவாள். வருகிறவர்களிடம், "வெயில்ல எவ்வளவு நேரம் நின்னா தெரியுமா, எம்புள்ள" என்பாள். நின்றது நான். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நிற்பதும் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செத்தவள்மேல் பொறாமைப்பட்டேன். ஒருநாள் ஒட்டடை அடிக்கும்போது அதைக் கீழே போட்டு உடைத்துவிடலாமா என்று சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த வீட்டில் யாருக்கும் வேண்டாத முகத்தை வைத்துக்கொண்டு நான் எதற்கு இருக்கிறேன் என்றுகூடத் தோன்றியது. யாரிடம் சொல்வது? சொல்கிற ஆள் நீதானே.

போன ஐப்பசியில் உன் தலைத் திவசம் வந்தது. குடவாசலிலிருந்து அத்தை பெரிய சம்பங்கி மாலையோடு வந்தாள். அம்மா அடுப்படியில் படையலுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைப் படத்தின்மேல் தூக்கியதுதான் தாமதம்.

"போடாத! ஏய், போடாதங்கிறேன்!"

அம்மா ஓடிவந்த வேகத்தில் அத்தை ஸ்டூலோடு சாய்ந்திருப்பாள், நான்தான் பிடித்தேன்.

"என்னண்ணி இது? வருஷம் ஆயிருச்சு. சின்னப்புள்ளைக்கு ஒரு மாலை போட வேணாமா?"

"மொகம்தான் சின்னவ மொகம். கழுத்து என் பெரிய பொண்ணோடது. உசுரோட நிக்கிற புள்ள கழுத்துல சாவு மாலையா போடுவ நீ?"

மாலையைப் பிடுங்கி வாசலில் வீசினாள். சம்பங்கி முற்றம் பூராவும் சிதறியது. அப்புறம் திரும்பி, தேங்காய் ஒட்டிய ஈரக் கையால் என் கழுத்தைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். பின்கழுத்து, தோள், காதோரம். வாய் மட்டும் "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நீ போனதற்கு அப்புறம் அவள் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். அத்தனை நாளும் அந்தப் படத்தில் அவள் உன்னை மட்டுமே பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

துக்கம் அதோடு தீர்ந்துவிடவில்லை. அம்மா இன்னும் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறாள். நானும் பஸ்ஸில் யாராவது உன்னைப் போல் சிரித்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிறேன். ஆனால் என் கழுத்தில் அந்த ஈரம் இன்னும் இருக்கிறது. ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கிறேன். ஓடுகிற ரயிலில் ஏறுவதை விட்டுவிட்டேன். லேசாக உடம்பு சுட்டாலே டாக்டரிடம் போய் நின்றுவிடுகிறேன்.

நீ இறந்துபோனதாகச் சொல்ல நம் வீட்டுச் சுவரில் ஒரு பூவும் கிடையாது. நான் இருக்கிறவரைக்கும் உனக்கு மாலை விழாது, தெரிந்துகொள்.

அக்கா