விண்ணென்று நின்ற வீடு

7-11, வெள்ளி

மழை விட்டும் விடாமலும். துணி காயவில்லை. கேஸ் புக் செய்ய வேண்டும், மறந்தேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு மரபுத்தொடர். நிலைமை முற்றிப்போகும் நேரத்துக்கு என்னென்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். கத்தி மேல் நிற்கிற மாதிரி. கழுத்துமட்டும் தண்ணி. வயிற்றில் புளி கரைக்குது. கடைசி பெஞ்ச் பெண்: "எங்கப்பா பேசாம சாப்பிட்டா அதாங்க மிஸ்." வகுப்பே சிரித்தது. என்னால் முடியவில்லை.

மதியம் கொழுந்தன் ஏழுமலையின் போன். இவருடைய ஒரே தம்பி. கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஊர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு எல்லோரும் போன பிறகும், மாமனார் கட்டிய மண்சுவர் வீட்டில் தனியாக இருக்கிறான். இவர் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு கிடையாது. எல்லாம் என் வழியாகத்தான்.

"அண்ணி, வூடு மொனகுதுங்க."

"மழைக்கு ஓடு சத்தம் போடும் தம்பி."

"ஓடு இல்லீங்க. செவுரு."

இவரிடம் சொன்னேன். "குடிச்சிருப்பான்." அவன் குடிப்பதில்லை. இவருக்கும் தெரியும்.

8-11, சனி

இவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். நான் பஸ் பிடித்துத் தனியாக ஊருக்கு. தூக்குவாளியில் சாம்பார் சாதம்.

ஊர் என்று ஒன்றும் மிச்சமில்லை. கதவும் ஜன்னலும் கழற்றிக்கொண்டு போன வீடுகள். ஒரு நாய்கூட இல்லை. ஒரே ஒரு வாசலில் மட்டும் கோலம்.

"யாரு தம்பி போட்டது?"

"நாந்தாங்க. போடலைன்னா, ஆளில்லாத வூடுன்னு நெனச்சிக்கும்."

"யாரு?"

சுவரைக் காட்டினான். "கைய வெச்சிப் பாருங்க."

வைத்தேன். ஈரம். குளிர். பிறகு உள்ளேயிருந்து ஒரு இழுப்பு. பல் வலியில் ஈறு தெறிக்குமே, அதுபோல விண் விண்ணென்று. கையை எடுத்த பிறகும் உள்ளங்கையில் நிற்கவில்லை.

"நேத்து மொனகிக்கினு இருந்திச்சி. ராத்திரி பல்லைக் கடிச்சிக்கினு இருந்திச்சி. இன்னிக்கு விண்ணுனு நிக்கிது. இதுக்கு மேல சொல்றதுக்கு வார்த்தை இல்லீங்க."

"என்கூட வந்துடு."

"அண்ணன் வந்து கூப்புடட்டும்."

"அவர் வரமாட்டாரு தம்பி."

"அப்ப இது கூப்புட்டுக்கும்." பஸ் நேரம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான்.

திரும்பும் வழியெல்லாம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் இவரிடம் எல்லாம் சொன்னேன். டீயைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு:

"எனக்கும் கேட்டுக்கினுதான் இருந்திச்சி. அந்த வூட்ல படுத்திருந்த காலத்துலயே. அதான் வந்துட்டேன்."

இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு இவர் 'வூடு' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

9-11, ஞாயிறு

பலத்த மழை. காலையில் இவரே போய் ஆட்டோ கூட்டிவந்தார்.

ஏழுமலை வாசலில், மழையில், வெறுங்காலோடு. கோலம் கரைந்திருந்தது.

"சத்தம் நின்னு போச்சுண்ணே."

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அண்ணனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"கெளம்புடா."

"நீ ஒரு தபா உள்ள வந்துட்டுப் போ."

"மாட்டேன்."

"அப்ப நானும் வரல."

இருவரும் பார்த்தபடி நின்றார்கள். இருவர் கழுத்திலும் ஒரே நரம்பு புடைத்திருந்தது. வகுப்பில் எழுதிப்போட்ட சொல் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. மழைச் சத்தம் தள்ளிப்போய் எங்கோ கேட்டது. ஆட்டோக்காரர் எதற்கோ எஞ்சினை அணைத்தார்.

ஏழுமலை திரும்பி உள்ளே போனான். இவர் பின்னாலேயே ஓடினார். நான் கத்தினேனா தெரியாது. கத்தினேன் என்கிறார் ஆட்டோக்காரர்.

வெளியே வந்தபோது தம்பியின் காலர் இவர் கையில் கிழிந்திருந்தது. கொல்லைப்பக்கச் சுவர்தான் முதலில். விழவில்லை, மெல்ல உட்கார்ந்தது. அப்புறம் ஓடுகள். அப்புறம் எல்லாமே.

"அடிமண்ணு ஊறிப்போச்சுங்க," என்றார் ஆட்டோக்காரர்.

ஆட்டோவில் ஒரே துண்டில் இருவரும் தலை துவட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து தனியாகக் கேட்டேன், உள்ளே என்ன என்று.

"செவுத்துல கைய வெச்சிக்கினு நின்னான். இழுத்தா வரல. அந்தப் பக்கத்துலேருந்து யாரோ புடிச்சிக்கினு இருக்கற மாதிரி."

11-11, செவ்வாய்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது. ஏழுமலை நேற்று முழுக்கத் தூக்கம். இன்று தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இவர் லீவு போட்டுவிட்டு அவனுக்குச் செருப்பு வாங்கக் கூட்டிப்போனார்.

கேட்டில் நின்று பார்த்தேன். வரிசை வீடுகள், மரங்கள், நேரான ரோடு. கொஞ்ச தூரத்தில் ஏழுமலை நின்றுவிட்டான். இவரும் நின்றார்.

"என்னடா?"

"ஒண்ணும் கேக்கலண்ணே."

"நல்லதுதானே."

"பயமா இருக்குது."

இவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார், சின்னப் பிள்ளையை ரோடு தாண்ட வைப்பதுபோல. ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை.